கடைசிப் பந்தியும் ஒரு டிவிடி பெட்டியும்

பூங்காவனம் காசு கொடுத்து வாங்கிய பொருள்களிலேயே கொஞ்சமும் நம்பாமல் வாங்கியது அந்த டிவிடி பிளேயர்தான். மகள் கார்த்திகாவின் கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் இரண்டு சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டிலோ அதைப் போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில், பெரிய கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி ஒட்டிய பெட்டிகள் அடுக்கியிருந்தன. இருப்பதில் விலை குறைந்தது எது என்று கேட்டாள். கடைக்காரர் எடுத்து வைத்தார்.

"வாரண்டி?"

"ஆறு மாசம்மா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் சாமி புண்ணியம்."

பதிலில் பொய் இல்லை என்று வாங்கிக்கொண்டாள். சாமி புண்ணியம் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடியது.

தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இராது. சுவிட்சைப் போட்டதும் முகப்பில் பச்சை எழுத்தில் 'ஹலோ' என்று வரும். டிரேயைத் திறக்கும் பட்டனை அழுத்தினால் உள்ளே ஏதோ முனகும், வெளியே மட்டும் வராது. வலப்பக்கம் மேல்மூடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டவேண்டும். பால் குடித்த குழந்தைக்கு ஏப்பம் வரத் தட்டுவோமே, அதைவிடக் கொஞ்சம் ஓங்கி. ரிமோட்டின் பேட்டரி மூடி என்றைக்கோ காணாமல் போய், அந்த இடத்தில் ரப்பர் பேண்ட் வந்துவிட்டது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைச் செருகுவதற்கு, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சின்ன கலர் டிவியில்தான் துளை இருந்தது. மகள் வாங்கித் தந்த, சுவரில் மாட்டும் புது டிவியில் அது இல்லை. ஆகவே பழைய டிவியும் மூலையில் தங்கிவிட்டது.

ஒரு குணம் மட்டும் அந்தப் பெட்டிக்கு உண்டு. எதைக் கொடுத்தாலும் தின்னும். கீறல் விழுந்தது, கைரேகை படிந்தது, பாயசம் சிந்தித் துடைத்தது, எதையும் மறுக்காது. எதிர்வீட்டு ரேவதியிடம் ஒருகாலத்தில் நல்ல கம்பெனி பிளேயர் இருந்தது. அது பெரிய இடத்துச் சம்பந்திபோல, கொஞ்சம் அழுக்கு பட்டாலே சிடியை வெளியே தள்ளிவிடும்.

பூங்காவனம் அரக்கோணம் பக்கத்தில் பிறந்தவள். கங்காதரனைக் கட்டிக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். இவள் அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தாள். சேர்ந்தபின் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பயிற்சிக்குப் போய், படுக்கையில் கிடப்பவரை எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது, புரை ஏறாமல் எப்படி ஊட்டுவது என்றெல்லாம் முறையாகக் கற்றுக்கொண்டாள். அண்ணனூரிலும் திருமுல்லைவாயலிலும் எத்தனையோ வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொண்டாள். பட்டாபிராமில் சின்னதாக ஒரு வீடு கட்டினார்கள். கங்காதரன் ஓய்வு பெற்றார். ஒருநாள் கடைக்குப் போனவர் வழி தெரியாமல் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அன்றோடு பூங்காவனம் வெளிவேலையை விட்டாள். வெளியே பார்த்த வேலையை வீட்டுக்குள் பார்க்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். அழுது ஆகப்போவது ஒன்றும் இல்லை என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

மறதி நோயில் பேர் மறக்கும், ஊர் மறக்கும். கடைசியில் பசியும் மறக்கும். கங்காதரனுக்கு அது மறந்தது. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி, இறுக்கம் கூடுமே தவிரக் குறையாது.

அப்போதுதான் ரேவதி வந்தாள். தங்கை வளைகாப்புக்கு ஆரத்தித் தட்டு அலங்காரம் செய்யவேண்டும், கார்த்திகா கல்யாணத்தில் நன்றாகச் செய்திருந்தார்களாமே, ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பூங்காவனம் பெட்டியைத் தட்டி சிடியைப் போட்டுவிட்டு, கிண்ணத்தோடு கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரத்தி வந்தது, போயிற்று. ரேவதியும் போய்விட்டாள். நிறுத்த எழுந்திருக்கச் சோம்பல்பட்டு ஓடவிட்டிருந்த சிடியில் பந்தி வந்தது.

கல்யாண வீடியோவில் பந்தி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கேமராக்காரர் இலை இலையாக நடந்துகொண்டே எடுப்பார். ஒருவர் வாயைப் பொத்துவார், ஒருவர் 'போய்யா அந்தாண்ட' என்று கையை வீசுவார், குழந்தைகள் மட்டும் அப்பளத்தைக் காட்டிச் சிரிக்கும். கடைசியில், மண்டபமே காலியான பிறகு, பெண்ணைப் பெற்ற கங்காதரன் தம்பியோடும் தொழிற்சாலை நண்பர்களோடும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிடுவார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவன் சாப்பிடும் சாப்பாடு அது. அந்த இடம் வந்ததும் நாற்காலியில் இருந்த கங்காதரனின் தாடை அசைந்தது. பூங்காவனம் ஒரு கணமும் யோசிக்கவில்லை. இட்லியை வாய்க்குள் வைத்தாள். மென்றார். விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டு அடுத்ததை வைத்தாள்.

ஆனால் அந்தப் பந்தி ஒரு பாட்டு நேரம்கூட ஓடாது. ரிமோட்டில் உள்ள பட்டனையெல்லாம் அழுத்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரி மிஷின்களையும் அவள் அப்படித்தான் கற்றுக்கொண்டது. ஏ-பி என்று ஒரு பட்டன் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு முறை, முடியும் இடத்தில் ஒரு முறை அழுத்தினால் நடுவில் உள்ளது மட்டும் திரும்பத் திரும்ப ஓடியது. அன்றிலிருந்து மூன்று வேளையும் கங்காதரன் தன் மகள் கல்யாணத்தின் கடைசிப் பந்தியைப் பார்த்துச் சாப்பிட்டார். முதல் பந்தியை ஓட்டினால் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே பார்ப்பார், வாய் திறக்கமாட்டார். ஏன் என்று அவள் ஆராயவில்லை. கேட்கிற மருந்தைக் கொடுக்கவேண்டும், எப்படிக் கேட்கிறது என்பது படித்தவர்கள் கவலை.

கார்த்திகா ஓசூரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "பாத்தியா, அந்த ஓட்டைப் பெட்டிய எடைக்குப் போடச் சொன்னேனே" என்று தன்னையே கேலி செய்துகொள்வாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு அதுதான் பெரிய பண்டிகை. தீபாவளிக்குக்கூடப் புதுத்துணி எடுக்காமல் இருப்பார்கள், ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை போடாமல் இருக்கமாட்டார்கள். மகள் பெயரைச் சில நாள் மறந்துவிடும் கங்காதரனுக்கு, சந்தனக் கிண்ணத்தைக் கையில் கொடுத்ததும் எல்லாம் தெரிந்தது. கேஸ் அடுப்பு, மிக்ஸி, தையல் மிஷின், அரிவாள்மணை, தேவாவின் ஆட்டோ எல்லாவற்றுக்கும் நிதானமாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார். ரேவதியின் கணவன்தான் தேவா. "மாமா, ஹெட்லைட்டுக்கு வெச்சியே, கண்ணாடிய உட்டுட்டியே" என்று அவன் கூடவே நடந்தான். பூங்காவனம் அடுப்பங்கரையில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். அன்று சாமான்களுக்கு ஓய்வு, எதையும் ஓட்டக்கூடாது. கங்காதரன் பண்டிகை மகிழ்ச்சியில் இரண்டு கிண்ணம் பாயசத்தைத் தானாகவே குடித்துவிட்டதால் பெட்டியும் ஓய்வெடுத்தது.

மறுநாள் விஜயதசமி. கற்பூரம் காட்டிவிட்டு, பெட்டியைத் தட்டி சிடியைப் போட்டாள். 'ஹலோ' வந்தது. உள்ளே சிடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. பிறகு 'நோ டிஸ்க்' என்று வந்தது.

சிடியைத் துடைத்துப் போட்டாள். நோ டிஸ்க். வேறு சிடியைப் போட்டாள். நோ டிஸ்க். கையில் இட்லி ஆறியது. கங்காதரன் இருட்டான டிவியைப் பார்த்துக்கொண்டு உதட்டை இறுக்கினார்.

செல்போனில் யார் யாரோ சாப்பிடும் வீடியோவெல்லாம் காட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கார்த்திகாவிடம் கேட்டாள். அவள் போனில் கல்யாண வீடியோ இருந்தது, ஆனால் தாலி கட்டும் இடம் மட்டும். "பந்திய யாரும்மா வெட்டி வெச்சிப்பாங்க?" என்று அழுகிற குரலில் கேட்டாள். ரேவதி பரணிலிருந்து தன் பிளேயரை இறக்கிக் கொண்டுவந்தாள். அந்தச் சம்பந்தியம்மா கீறல் விழுந்த சிடியை உள்ளே இழுத்தாள், முகர்ந்தாள், வெளியே தள்ளினாள். ஸ்டுடியோவை இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆவடியில் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனபோது, கடையில் இருந்தவன் பெட்டியைப் பார்த்து, "இத எக்மோர் மியூசியத்துக்கு எடுத்துனு போம்மா, நல்ல ரேட்டு குடுப்பான்" என்றான். பூங்காவனம் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டாள். வாக்குவாதத்துக்கு நேரம் இல்லை.

ஏனென்றால் டாக்டர் கிருஷ்ணப்பிரியா நாள் குறித்துவிட்டார். பட்டாபிராமிலேயே கிளினிக் வைத்திருக்கும் இளம்பெண், பொறுமைசாலி. கங்காதரனை எடை பார்த்துவிட்டு, தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெறும் கஞ்சித் தண்ணி நாலு ஸ்பூன் உள்ள போறது பத்தாதும்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கலாம். அப்பவும் இப்படியே இருந்தா மூக்கு வழியா டியூப் போட்டுடணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சொல்ல வேணாம் டாக்டர். நீங்க சொல்றது சரிதான்."

சரிதான் என்பதில்தான் கஷ்டம். மறதி நோய்க்காரர் மூக்கில் டியூப் போட்டால் அவர் கை சும்மா இருக்காது. பிடித்து இழுப்பார். ரத்தம் வரும், மறுபடி போடவேண்டும். ஆகவே இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டிவைப்பார்கள். பூங்காவனம் எத்தனையோ பேர் கையைக் கட்டியிருக்கிறாள். தோல் உரியாமல், ரத்த ஓட்டம் நிற்காமல் எப்படிக் கட்டுவது என்று மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். தேவைப்பட்டால் இந்தக் கையையும் கட்டுவாள். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய்யக்கூடியது எதுவும் பாக்கி இருக்கக்கூடாது.

தேவாதான் சொன்னான். "அத்தே, மண்ணூர்பேட்டைல, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கமா ஒரு பாய் கீறாரு. அப்துல் ரசாக்குன்னு. ரேடியோ, டேப்பு எல்லாம் பாப்பாரு. இப்போ மிக்ஸிதான் பாக்கறாரு. ஏறு, போயாந்துடலாம்."

கங்காதரனை ரேவதியிடம் விட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அப்துல் ரசாக்குக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். மிக்ஸி ஜார்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். துணியைப் பிரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, டிவிடியா? இன்னும் உசுரோட கீதாம்மா?"

"உசுரு இருக்கு. கண்ணு தெரியல. எந்த சிடி போட்டாலும் இல்லேங்குது."

ரசாக் திருப்புளியால் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது! உள்ள ஒரு அம்மன் கோயிலே கீதே!"

பூங்காவனம் எட்டிப் பார்த்தாள். உள்ளே எல்லாம் சிவப்பு. டிரேயின் நடுவில் ரூபாய் அளவுக்குச் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமம். சிடி சுற்றிய வேகத்தில் குங்குமம் பறந்து மூலை முடுக்கெல்லாம் படிந்திருந்தது. லென்ஸ் என்று ரசாக் காட்டிய சின்னக் கண்ணாடியும் சுமங்கலியாக இருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கங்காதரன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஒரு பேச்சு உண்டு. மூடிமேல் பொட்டு வைப்பது மெஷினை ஏமாற்றுவது, எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்குத்தான் பூஜை என்பார். லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றும் பாகத்துக்குத்தான் முதல் பொட்டு வைப்பார். இங்கேயும் அப்படியே செய்திருக்கிறார். தினமும் மூன்று வேளை அவள் பெட்டியைத் தட்டித் திறப்பதைப் பார்த்தவர், தானும் தட்டித் திறந்து, சுற்றுகிற இடத்தில் வைத்திருக்கிறார்.

"எங்க ஊட்டுக்காரருதான் பாய். லேத்து மெஷின்ல இருந்தவரு."

ரசாக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நானும் எஸ்டேட்டுல வேல பாத்துக்கீறேம்மா. எங்க மொதலாளி கம்ப்யூட்டருக்குப் பூசணிக்கா ஒடைச்சாரு, பாத்துக்கீறேன். ஆனா லென்சுக்குப் பொட்டு வெச்ச ஆள இப்பத்தான் பாக்கறேன்."

"மாமா ஏன் ஆட்டோல டேங்க்கு மூடிய தொறக்கச் சொன்னாருன்னு இப்போதான்யா தெரியுது" என்றான் தேவா. பூங்காவனத்துக்கும் சிரிப்பு வந்தது. நாலு நாளில் முதல் சிரிப்பு.

ரசாக் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "சந்தனம் ஒட்டிகினு கண்ணாடில கோடு வுழுந்துடுச்சும்மா. வேற லென்சு போடணும். புதுசு கெடைக்காது. செத்துப்போன பிளேயருங்க மூட்டையா கட்டிப் போட்டுக்கீறேன், அதுல தேடிப் பாக்கணும். அவசரமா?"

வெள்ளிக்கிழமை என்றாள். எதற்கு என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். டியூப் பற்றியும், கை கட்டுவது பற்றியும் சொன்னாள். ரசாக்கின் சிரிப்பு நின்றது. மேஜைமேல் இருந்த மிக்ஸி ஜாரைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "இன்ஷா அல்லா, தேடறேம்மா" என்றார்.

திரும்பும் வழியில் தேவா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே வந்தான். "இன்னாத்தே, பேசாம வர்ற? மாமாவுக்குப் பந்திதான வேணும்? டிவில இருந்தாத்தானா? நாங்கல்லாம் உக்காந்து துன்ன மாட்டமா?"

அவன் விளையாட்டாகச் சொன்னான். பூங்காவனம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு மதியம் வந்துடு. ரேவதிய கூட்டிகினு வா. மாடி வீட்டு ஹேமாவதிகிட்டயும் சொல்லிடு" என்றாள்.

மறுநாள் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், சேமியா பாயசம். கூடத்தில் பாய் விரித்து வாழை இலை போட்டாள். தேவா, ரேவதி, மாடியில் குடியிருக்கும் ஹேமாவதி, அவள் கணவன் தமிழரசு என்று நாலு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். வரிசையின் முனையில் கங்காதரனுக்கு நாற்காலி, எதிரே ஸ்டூல்மேல் இலை. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் புரை ஏறாது.

அவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். கங்காதரன் பார்த்தார். பூங்காவனம் ரசம் சாதத்தைக் குழைத்துக் கொண்டுபோனாள். உதடு இறுகியது. மறுபடி கொண்டுபோனாள். கையைத் தட்டிவிட்டார். சாதம் புடவையில் சிதறியது.

"மாமா, இங்க பாரு, நான் எப்டி துன்றேன்" என்று தேவா பெரிய கவளமாக எடுத்துக் காட்டினான்.

கங்காதரன் நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். சாப்பாடு நின்றதிலிருந்து அவராக எழுந்ததே இல்லை. பூங்காவனம் கிண்ணத்தைப் போட்டுவிட்டு அவர் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள், பிடிக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வரிசையோடு நடந்தார். தேவாவின் இலைக்கு முன் நின்றார்.

"சாம்பார்" என்றார். எல்லோரும் நிமிர்ந்தார்கள். "இங்க சாம்பார் வுடு."

பூங்காவனம் வாளியைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

"போதும் மாமா."

"இன்னா போதும்? சாப்புடு."

ஹேமாவதியின் இலையில் அப்பளம் இல்லை என்று கையைக் காட்டினார். தமிழரசு இலையை மடிக்கப் போனான், "பாயசம்!" என்று ஒரு அதட்டல். அவன் மடித்ததைப் பிரித்தான். தேவா மூன்றாம் முறை சோறு வாங்கிக்கொண்டு ரேவதியிடம், "இன்னும் ஒரு வாட்டி மாமா இந்தப் பக்கம் வந்தாருன்னா டியூப்பு எனக்குத்தான் போடணும்" என்று முனகினான். "வாய மூடிகினு துன்னு" என்றாள் ரேவதி. அவள் கண் கலங்கியிருந்தது.

பூங்காவனத்துக்குக் கண் கலங்கவில்லை. நடந்தது நல்லது, பேசியது நல்லது, ஆனால் வயிற்றுக்குள் ஒன்றும் போகவில்லை. நாலு பேரும் எழுந்து கை கழுவினார்கள். கங்காதரன் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி ஆளாகத் தேவா ஈரக் கையை உதறிக்கொண்டு வந்தபிறகு, அவர் திரும்பி நடந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இலையைக் கையால் ஒரு தடவை தடவினார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவன் வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்காமல் எப்படிச் சாப்பிடுவான்? முதல் பந்தி ஓடியபோதெல்லாம் அவர் உதட்டை இறுக்கியது பிடிவாதம் அல்ல, முறை. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாயைத் திறந்தார். ரசம் சாதம் ஆறிப்போயிருந்தது. பரவாயில்லை. ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைப் பார்த்துக்கொண்டு கொடுத்தாள். கிண்ணம் காலியாயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் ரேவதியும் தேவாவும் இட்லியோடு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்தார்கள். அதன்பிறகு கங்காதரன் சாப்பிட்டார். டாக்டரிடம் பூங்காவனம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிருஷ்ணப்பிரியா எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார். "வாய்வழி போகுதுன்னா டியூப் எதுக்கும்மா? அடுத்த வாரம் எடை பார்த்துச் சொல்றேன்" என்றார். அப்படிச் சொல்ல மனசு உள்ள டாக்டர் அமைந்ததும் ஒரு கொடுப்பினைதான்.

ஆனால் தினமும் மூன்று வேளை அக்கம்பக்கத்தை அழைத்துப் பந்தி போட முடியுமா? தேவாவுக்குச் சவாரி இருக்கிறது, ஹேமாவதிக்கு வேலை இருக்கிறது. பூங்காவனம் அந்தக் கணக்கில் மூழ்கியிருந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்துல் ரசாக், பெட்டியோடு.

"கூப்ட்டிருந்தா தேவாவ அனுப்பியிருப்பேனே பாய்."

"லென்சுக்குப் பொட்டு வெச்ச மனுசன நான் நேர்ல பாக்க வாணாமா?"

மூட்டையில் இருந்த செத்த பிளேயர்களில் ஒன்று, அதே எழுத்து மாறின கம்பெனியாம். அதன் கண்ணை எடுத்து இதற்கு வைத்திருந்தார். ஒயர்களைச் செருகினார். 'ஹலோ' வந்தது. சிடி சுற்றியது. கல்யாண மண்டபம் வந்தது.

பூங்காவனம் கடைசிப் பந்திக்கு ஓட்டி, ஏ-பி போட்டு, சாதக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். கங்காதரன் டிவியைப் பார்த்தார். பிறகு ரசாக்கைப் பார்த்தார். உதடு இறுகியது.

"இன்னாச்சும்மா? படம் நல்லாத்தான தெரியுது?" ரசாக் பதறிப்போய்ப் பெட்டியைத் தொட்டார்.

"பெட்டி நல்லாத்தான் கீது பாய். நீங்க சாப்ட்டீங்களா?"

"இல்ல, ஊட்டுக்குப் போயித்தான்…"

"அதான். இப்படி உக்காருங்க."

ரசாக் மறுக்க வாயைத் திறந்தார். கங்காதரன் கையை நீட்டி, "சாப்புடு" என்றார். தயிர் சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக ரசாக் ஒரு தட்டு சாப்பிட்டு எழுந்தார். அதன்பிறகுதான் வீட்டுக்காரரின் வாய் திறந்தது. ரசாக் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "மறுபடி ரிப்பேரு ஆனா காலைல டிபன் துன்னாம வரேம்மா" என்றார்.

அன்று இரவு வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. சிடி சரியாக ஓடியது, கடைசிப் பந்தி வந்தது. கங்காதரன் டிவியைப் பார்க்கவில்லை, பூங்காவனத்தையே பார்த்தார். அவளுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. கூடத்தில் பந்தி போட்டதிலிருந்து அவருக்கு முன்னால் யாராவது சாப்பிட்டு எழவேண்டும், இன்று மீதி இருப்பது அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் ஆயா என்றால், வார்டில் எல்லோருக்கும் ஊட்டி, தட்டு கழுவி, பிறகு ஜன்னலோரம் நின்றபடி ஆறிப்போனதைச் சாப்பிடுபவள். வீடு வீடாகப் போன இடத்திலும் அதே கதை. சொந்த வீட்டிலும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் பசித்திருக்கும்போது தான் முதலில் சாப்பிடுவது என்பது அவள் புத்தியில் எட்டாத விஷயம். ஆனால் கிண்ணம் கையில் இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது.

சரி, கேட்கிற மருந்தைத்தான் கொடுக்கவேண்டும். தட்டு எடுத்துவந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

இப்போது அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. முதலில் முதல் பந்தி ஓடும். பூங்காவனம் அப்போது சுடச்சுடச் சாப்பிடுவாள். கங்காதரன் டிவியில் உள்ளவர்களையும் அவளையும் மாறி மாறி மேற்பார்வை பார்ப்பார். அவள் கை கழுவி வந்ததும் கடைசிப் பந்தி. அவர் சாப்பிடுவார். எல்லா வேளையும் முழுக்கச் சாப்பிடுகிறார் என்று சொல்வதற்கில்லை. இந்த நோய் திரும்பிப் போகாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் மூக்கில் டியூப் இல்லை, கையில் கட்டு இல்லை. அதற்கு அவள் தேவாவுக்கும், ரேவதிக்கும், ரசாக்குக்கும், டாக்டருக்கும், பந்தியை வெட்டாமல் எடுத்த அந்த முகம் தெரியாத கேமராக்காரருக்கும் நன்றிக் கடன்பட்டவள். அந்தப் பெட்டிக்கும்தான்.

அடுத்த வாரம் கிளினிக்கில் எடை பார்த்தார்கள். கங்காதரனுக்கு அரைக் கிலோ கூடியிருந்தது. கிருஷ்ணப்பிரியா போன வாரம்போலவே பூங்காவனத்தையும் மெஷின்மேல் ஏறச் சொன்னார். அவளுக்கு அதைவிடக் கூடியிருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்து முதல் பந்தியை ஓடவிட்டாள். ரசத்தைச் சூடாக ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வாய்தான் போயிருக்கும், போதும் என்று தட்டைத் தள்ளப் பார்த்தாள்.

"இன்னா போதும்?" என்றார் கங்காதரன். "சோறு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டாள்.